இப் மேன் நாலு பாகமும் ஒரே மூச்சில்

இப் மேன் என்ற குங்ஃபூ ஆசானைப் பற்றிய இந்த நாலும் தனித்தனியாக ஏற்கெனவே பார்த்த படங்கள்தான். மழை லீவில் தம்பியும் நானும் நாலையும் வரிசையாகப் போட்டோம். அப்படிப் பார்க்கும்போது முதலில் உறுத்தியது வில்லன்கள். 2008ல் வந்த முதல் பாகத்தில் ஜப்பானிய ராணுவ அதிகாரி, இரண்டாவதில் பிரிட்டிஷ் குத்துச்சண்டைக்காரன், நாலாவதில் அமெரிக்க ராணுவத்தான். சீனனை மட்டமாகப் பேசுவான், கடைசியில் இப் மேனாக நடிக்கும் டோனி யென் கையால் மூஞ்சி வீங்கிப் போவான். இடைவெளி விட்டுப் பார்த்தபோது இது தெரியவே இல்லை.

சண்டைகளில் அந்தச் சலிப்பு கிடையாது. முதலிரண்டு பாகங்களுக்கு சாமோ ஹங், அடுத்த இரண்டுக்கு யுவென் வூ-பிங் சண்டை அமைத்திருக்கிறார்கள். முதல் பாகத்தில் இப் மேன் பத்து கராத்தே ஆட்களோடு மோதும் இடத்தில் அழகு காட்டுகிற வேலையே இல்லை. நண்பனைக் கொன்ற கோபத்தில் கை காலை முறித்துப் போட்டுக்கொண்டே போகிறார். இரண்டாவதில் மேஜை மேல் நடப்பது வேறு ரகம், சாமோ ஹங்கே எதிரில் நிற்கிறார். மூன்றாவதில் மைக் டைசனோடு மூன்று நிமிடம் தாக்குப்பிடிக்கிற சண்டைக்குத் தம்பி விசிலடித்தான். எனக்கு அது டைசனுக்காகச் சேர்த்த சண்டையாகத்தான் பட்டது.

என்னைப் பிடித்து வைத்தது மூன்றாம் பாகத்தில் மனைவி வரும் பகுதி. முதல் பாகத்தில் கணவன் சண்டைக்குப் போனாலே முகம் சுளிப்பவர் அவர். இதில் புற்றுநோய். விங் சுன் என்ற குங்ஃபூ வகையில் யார் பெரியவன் என்ற பட்டத்துக்காக ஒருவன் ஊரறியச் சவால் விட்டிருக்க, இப் மேன் அங்கே போகாமல் மனைவியோடு நடனமாடிக்கொண்டிருக்கிறார். பிறகு மனைவியே அந்தப் போட்டியை ஏற்பாடு செய்கிறார். எதிராளியும் விங் சுன்காரன்தான், சீனன்தான். அதனாலேயே தொடரில் இந்தக் கடைசிச் சண்டைக்கு ஒரு தனி எடை.

அப்புறம் நிஜ இப் மேனைப் பற்றித் தேடிப் படித்தேன். 1893ல் ஃபோஷானில் பிறந்தவர், கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்ததையொட்டி ஹாங்காங் போனவர். மனைவி ஃபோஷானில் இருக்க, எல்லை மூடப்பட்டது. 1960ல் மனைவி இறக்கும்வரை இருவரும் சேர்ந்து வாழ முடியவில்லை. படத்தில் கடைசிக் காலத்தில் கணவன் பக்கத்தில் இருக்கிறாரே, அது வாழ்க்கையில் கிடைக்காமல் போனது. சரித்திரத்தை வளைத்த மற்ற இடங்களில் எனக்குக் கடுப்புதான் வந்தது, அதிலும் நாலாவதில் அவரை அமெரிக்காவுக்கே அனுப்பிவிட்டார்கள். இந்தப் பொய்யை மட்டும் மன்னித்துவிட்டேன்.

நாலாவது பாகம் பாதியிலேயே தம்பி தூங்கிவிட்டான். நேரமில்லாதவர்கள் முதலும் மூன்றும் பாருங்கள், போதும். இரண்டாவதில் அந்த மேஜைச் சண்டையை மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.