ஸ்கீ பூட்ஸ்: ஏன் எல்லாமே நாலு கொக்கி?

கேள்வி: பனிச்சறுக்குக்கான பூட்ஸில் எந்த பிராண்டைப் பார்த்தாலும் முன்னால் ஒன்றன்மேல் ஒன்று மடியும் பிளாஸ்டிக் ஓடு, நாலு கொக்கி. எண்பதுகளில் பின்பக்கம் திறக்கும் பூட்ஸ்தானே எங்கும்? காலை நுழைத்து லீவரை மடக்கினால் முடிந்தது. அது ஏன் காணாமல் போனது?

பதில் 1: பூட்ஸ் பொருத்தித் தருவதுதான் என் வேலை. சாலமன் கம்பெனியின் எஸ்எக்ஸ் போன்ற பின்திறப்பு பூட்ஸ் போட சுகம், சந்தேகமில்லை. ஆனால் அதில் ஓடு பாதத்தை இறுக்காது. உள்ளே ஒரு கேபிள்தான் புறங்காலை அழுத்தும். நாலு கொக்கியில் ஓடே காலைச் சுற்றி இறுகும், விரல் பக்கம் தளர்த்தி கணுக்காலை மட்டும் இறுக்கலாம். எங்காவது காலில் இடித்தால் ஓட்டின் பாலியூரித்தேன் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி அந்த இடத்தை வெளியே தள்ளிவிடுவேன். பின்திறப்பில் அந்த கேபிளும் லீவரும் குறுக்கே நிற்கும். அதோடு, பந்தய வீரர்களில் பெரும்பாலோர் லாங்கே கம்பெனி செய்வது மாதிரி, முன்னால் மடியும் ஓட்டை விடவில்லை. அவர்கள் காலில் இருப்பதைத்தானே மற்றவர்களும் கேட்பார்கள்!

பதில் 2: ராய்ச்லே கம்பெனியின் ஃப்ளெக்ஸான் பூட்ஸை மறந்துட்டீங்களே! மூன்று துண்டு ஓடு, முன்னால் வரிவரியான நாக்கு. முன்னே சாய்ந்தால் ஓடு பிதுங்காது. 2006-இல் ஃபுல் டில்ட் என்ற பிராண்டாகத் திரும்பி வந்ததும், தாவி வித்தை காட்டும் ஃப்ரீஸ்டைல்காரர்கள் அள்ளிக்கொண்டார்கள்.

பதில் 1: மறக்கலை. தாவிக் குதிக்க அருமை. கடினப் பனியில் ஸ்கீ பலகையின் விளிம்பு கடிக்கணும்னா எனக்கு மடிப்பு ஓடுதான். இப்போது கொக்கிக்குப் பதில் போவா சக்கரம், அதாவது திருகினால் கேபிளை இறுக்கும் குமிழ், வருகிறது. அதுவும் இதே ஓட்டின் மேல்தான்.