பனிக்குள் ஆறடி, வெளியே என் காதளவு

பீலிக்கரை:
இலங்கை மலைநாட்டில், தலவாக்கலைப் பக்கம் தேயிலைக் கொழுந்து எடுக்கிறேன். போன மாதம் எங்கள் மலைக்குப் புதுக் கங்காணி வந்தார். முதல் நாள் ஒரே பனி, அடுத்த நிரைக்காரியின் கூடைகூடத் தெரியவில்லை. மேலேயிருந்து "ஓஓய்! கீழ் நிரைய விட்டுட்டுப் போகாதீங்க!" என்று ஒரு குரல். ஆறடி, முறுக்கு மீசை என்று நானே ஆளைச் செய்து வைத்துவிட்டேன். பத்து மணிக்குப் பனி விலகினால், மனுஷன் என் காதளவுதான். நானே ஐந்தடி! இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். குரலைக் கேட்டதும் ஆளின் அளவை எதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம்?

ஹட்டன் ஆட்டோ:
தடித்த குரல் என்றால் தடித்த ஆள், அவ்வளவுதான் அக்கா. ஆனாலும் போனில் ஹயர் கேட்ட ஒருவரின் குரலை நம்பி, பின் சீட்டில் இருந்த சாமானையெல்லாம் இறக்கி வைத்துவிட்டுப் போனேன். வந்தவர் ஈர்க்குச்சி.

பழைய வாத்தியார்:
தம்பி, நீங்கள் கேட்டது சுருதி. அது குரல்நாணின் வேலை. வளர்ந்த ஆண்களுக்குள் சுருதிக்கும் உயரத்துக்கும் பெரிய உறவில்லை. ஆனாலும் தாழ்ந்த சுருதி கேட்டால் பெரிய ஆள் என்றே காது நினைக்கும்.

இன்னொன்று, குரல்வளையிலிருந்து உதடு வரையுள்ள குழாய். ஆண்களுக்குச் சராசரி 17 சென்டிமீட்டர், பெண்களுக்கு இரண்டு மூன்று குறைவு. தங்கச்சி, தண்ணீர் கொட்டும் பீலியில் குடம் பிடிக்கும்போது பார்க்காமலே நிறைந்தது தெரியுமே? உள்ளே காற்றுக்கு இடம் குறையக் குறைய சத்தம் ஏறிக்கொண்டே போகும். குழாயும் அப்படித்தான்: நீளம் என்றால் குரலின் நிறம், அதாவது ஒரே சுருதியிலும் காதுக்குத் தெரியும் தடிப்பு மெலிவு, தாழும், குட்டை என்றால் ஏறும். உடம்பின் அளவுக்கு சுருதியைவிட இது நல்ல அடையாளம். ஆனால் இதிலும் ஏமாற்றலாம். ஐரோப்பியச் செம்மான் கடா கத்தும்போது குரல்வளையை நெஞ்சுவரை இறக்கிக் குழாயை நீட்டும். நமக்கு உதடு போதும். "ஈ" என்று சொல்லிவிட்டு உதட்டைக் குவித்து "ஓ" சொல்லிப் பாருங்கள். உங்கள் கங்காணி "ஏய்" என்று கூப்பிட்டிருந்தால் இரண்டு அங்குலம் குறைந்திருப்பார்.

பீலிக்கரை:
ஐயா, இன்றைக்குக் கவனித்தேன். "ஓஓய்" மட்டுமில்லை, இரண்டு கையையும் வாயைச் சுற்றிக் குவிக்கிறார். குழாய்க்கு ஒட்டுப்போட்ட மாதிரி! மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது கையில் பேனா, அதனால் குவிக்க முடியவில்லை. "இருபத்திரெண்டு கிலோ" என்றார். அந்தக் குரல் அவருடைய சைஸுக்குச் சரியாக இருந்தது.

ஹட்டன் ஆட்டோ:
அப்போ இனி ஹயர் கேட்டு வரும் போனில் "ஈ" சொல்லச் சொல்றேன்.