டச் ஆஃப் ஈவில் முதல் ஷாட்ல மியூசிக் இருக்கா இல்லையா, மறுபடியும்

ரீல்பெட்டி: நேத்து வேறொரு திரியில ஒரு மேதாவி எழுதியிருந்தாரு, "த்ரில்லர் ஓப்பனிங்ல பயம்னு ஒண்ணு வர்றதே பிஜிஎம்ல தான், மியூட் பண்ணிப் பாருங்க, புஸ்ஸுன்னு போயிரும்"னு. அதுக்கு உதாரணமா டைரக்டர் ஆர்சன் வெல்ஸோட டச் ஆஃப் ஈவில் (1958) படத்து முதல் ஷாட்டை இழுத்து "மியூசிக் போட்ட ஹென்றி மான்சினியோட பாங்கோ மேளம் இல்லேன்னா அந்த ஷாட்டே இல்ல"ன்னு தீர்ப்பு வேற. படிச்சதுலேர்ந்து எனக்கு காபி இறங்கல. அந்த ஷாட்ல மியூசிக்கே கிடையாது சாமி. ஒரு கை டைம் பாமைத் திருகுது, அந்த ஆளு ஓடிப்போய் கார் டிக்கில வச்சுட்டு மறைஞ்சிடறான், ஒரு ஜோடி சிரிச்சுக்கிட்டே வந்து காரை எடுக்குது, கிரேன் அப்படியே கட்டடத்துக்கு மேல ஏறி அந்தப் பக்கம் தெருவுல இறங்குது, மூணு நிமிஷத்துக்கு மேல ஒரு கட் கிடையாது. கட் பண்ணியிருந்தா டைமை இழுக்கலாம் சுருக்கலாம், இங்க அதுக்கு வழியே இல்ல, பாம்ல ஓடுற முள்ளுதான் நம்ம வாட்ச்லயும் ஓடுது. பயம் அங்கேர்ந்து வருது, பாங்கோலேர்ந்து இல்ல.

பால்கனிடிக்கெட்: அந்த மேதாவி நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம், தப்பில்ல. மியூசிக் இருக்கு. நான் டிவிடி தேயத் தேயப் பாத்தவன். பாம் வைக்கிறப்பவே பாங்கோ ஆரம்பிச்சிடும், மேல பித்தளை வாத்தியம் அலறும், டைட்டில் கார்டு ஓடும். காதை ஒருதடவை காட்டிட்டு வாங்க.

ரீல்பெட்டி: இல்லை. டைட்டிலும் இல்லை. காருக்குள்ள ரேடியோ பாடுது, கார் எந்த கிளப்பைத் தாண்டுதோ அந்த வாசல்லேர்ந்து வேற வேற பாட்டு கசியுது, அவ்வளவுதான். அதை மியூசிக்னு சொன்னா டீக்கடையில ஓடுற எஃப்எம்மும் பிஜிஎம்தான்.

சவுண்டுபாக்ஸ்: அண்ணன்மாரே, ரெண்டு பேரும் வேற வேற பிரிண்டைப் பாத்துட்டு அடிச்சுக்கிறீங்க. 1958ல யுனிவர்சல் ரிலீஸ் பண்ணதுல மான்சினி மியூசிக்கும் டைட்டிலும் இருக்கு. ஸ்டூடியோ கட்டைப் பாத்துட்டு வெல்ஸ் 58 பக்கத்துக்கு ஒரு மெமோ எழுதினாரு, அதை வச்சு 1998ல எடிட்டர் வால்டர் மர்ச் திரும்ப எடிட் பண்ணப்ப அந்த ஷாட்லேர்ந்து ரெண்டையும் எடுத்துட்டாங்க. விஷயம் முடிஞ்சுது.

பால்கனிடிக்கெட்: பாத்தீங்களா, இருக்குன்னு சொன்னேன்ல.

ரீல்பெட்டி: எங்க முடிஞ்சுது? டைரக்டர் வேணாம்னு சொன்னதை ஸ்டூடியோக்காரன் ஒட்டவச்சா அது படத்துல "இருக்கு"ன்னு கணக்கா? வீட்டுச் சுவத்துல கட்சிக்காரன் போஸ்டர் ஒட்டினா அது என் வீட்டு பெயிண்டா? அந்த ஷாட்ல மியூசிக் இல்லை.

பால்கனிடிக்கெட்: வெல்ஸ் செத்தது 1985. 13 வருஷம் கழிச்சு யாரோ கத்திரி போட்டதை "அவரோட வெர்ஷன்"னு எப்படி சொல்றீங்க? ஜனங்க 40 வருஷம் கேட்டது பாங்கோ. அதுவும் அது சும்மா தாளம் இல்ல தல, பாம் டிக் டிக்னு ஓடுறது அந்தத் தாளத்துல கலந்து போகுது. கார் ஃப்ரேமை விட்டுப் போனாலும் பாங்கோ நிக்காது, அதனால பாம் இருக்குங்கறது மறக்காது.

ரீல்பெட்டி: அதேதான் கோளாறு! ஒரே தாளம் மேல பூசிட்டா கார் பக்கத்துல இருந்தாலும் ஒண்ணுதான், தூரத்துல இருந்தாலும் ஒண்ணுதான். மர்ச் பண்ணதை ஹெட்போன்ல கேளுங்க. ஹீரோ சார்ல்டன் ஹெஸ்டனும் ஹீரோயின் ஜேனட் லீயும் நடந்து வர்றாங்க, கேமரா அவங்களைப் பிடிச்சுக்கிட்டு காரை விட்டுருது, ஆட்டுக்கூட்டம் குறுக்க வந்து கார் நின்னுருது, ஆனா அந்த ரேடியோ சத்தம் லேசா ஏறும் இறங்கும். கண்ணுல கார் இல்ல, காதுல இருக்கு. ஐயோ பக்கத்துல வருதேன்னு நமக்குத் தோணும், நடக்கிறவங்களுக்குத் தெரியாது. செக்போஸ்ட்ல கார்ல இருக்கிற பொண்ணு "தலைக்குள்ள டிக் டிக்னு கேக்குது"ன்னு சொல்லுது, ஒருத்தனும் சட்டை பண்ண மாட்டான். பாங்கோவை மேல போட்டு அந்த வரியைக் கேளுங்க, எப்படி இருக்குன்னு.

கொட்டாய்வாசி: எதுக்கு ஹாலிவுட்? நம்ம அந்த நாள் (1954) தொடக்கத்துலயே துப்பாக்கி சத்தம், சிவாஜி காலி. பாட்டே இல்லாத படம். அதைப் பத்தி யாரும் திரி போட மாட்டீங்க.

ரீல்பெட்டி: அது நல்ல படம், ஆனா அந்த ஓப்பனிங் சஸ்பென்ஸ் இல்ல, அதிர்ச்சி. சுட்டப்புறம் தானே நமக்குத் தெரியுது. மேஜைக்கு அடியில பாம் இருக்கறது ஆடியன்ஸுக்கு முன்னாடியே தெரியணும்னு ஹிட்ச்காக் பிரெஞ்சு டைரக்டர் ட்ரூஃபோகிட்ட சொன்னதெல்லாம்...

பால்கனிடிக்கெட்: வந்துட்டாருய்யா ஹிட்ச்காக். இவருக்கு மூச்சு வாங்கினா ஹிட்ச்காக் பின்னாடி போய் ஒளிஞ்சுக்குவாரு.

கொட்டாய்வாசி: எஸ். பாலசந்தர் பண்ணா அதிர்ச்சி, வெல்ஸ் பண்ணா சஸ்பென்ஸ். புரியுது சார், நல்லாவே புரியுது.

ரீல்பெட்டி: நான் அப்படிச் சொன்னேனா? எங்க சொன்னேன்? சரி விடுங்க. பால்கனி, நீங்க சவுண்டு பத்திப் பேசறதுக்கு முன்னாடி, ஜாஸ்னு அந்த சுறா படத்துத் திரியில, சுறா வர்றப்ப கேக்குற அந்த ரெண்டு நோட்டை முன்னாடி நின்னு வாசிக்கிறது வயலின்னு அடம் பிடிச்சதை நான் மறக்கல. அது ட்யூபா.

பால்கனிடிக்கெட்: தந்திதான் முதல்ல வரும், செல்லோவும் டபுள் பாஸும். வயலின்னு கை தவறி டைப் பண்ணிட்டேன், அதை எத்தனை மாசம் இழுப்பீங்க? ஜாஸ்னு நீங்களே எடுத்ததால கேக்கறேன், அதுல முதல் சீன்ல சுறாவைக் காட்டவே இல்ல. அந்தப் பொண்ணு தண்ணியில அங்கயும் இங்கயும் இழுபடறா, அவ்வளவுதான். ஜான் வில்லியம்ஸ் மியூசிக் இல்லேன்னா தண்ணிக்கு அடியில போற கேமரா சுறான்னு யாருக்குத் தெரியும்? நீச்சல் கத்துக்கொடுக்கிற வீடியோவா இருக்கும். நான் சொன்னது அங்கயே நிரூபணம்.

ரீல்பெட்டி: நான் பேசறது டச் ஆஃப் ஈவில். அதுல மியூசிக் இல்லை.

பால்கனிடிக்கெட்: இருக்கு.

அரைத்தூக்கம்: உங்க சண்டையைப் படிச்சுட்டு ராத்திரி பாத்தேன். பாப்பா தூங்குறா, அதனால முழு மியூட். பாமை வச்சதுலேர்ந்து நான் நடிகருங்களையே பாக்கல, கார் எங்க கார் எங்கன்னு ஃப்ரேம் ஓரத்தையே தேடிட்டு இருந்தேன். ஹெஸ்டனும் லீயும் கார்கூடவே நடக்குறப்ப தள்ளிப் போங்கடான்னு வாய்விட்டே சொல்லிட்டேன். கடைசில ரெண்டு பேரும் முத்தம் குடுக்குறாங்க, சட்டுன்னு திரும்புறாங்க, அடுத்து கார் எரியுது. சத்தம் இல்லாம கூட தூக்கிவாரிப் போட்டுச்சு.

ரீல்பெட்டி: கேட்டுக்கோங்க! மியூட்ல பாத்தும் புஸ்ஸுன்னு போகல.

பால்கனிடிக்கெட்: மியூட்ல பாத்தா உங்க ரேடியோ, கிளப் பாட்டு, மர்ச் பண்ண மாயம், அதுவும் தான் கேட்டிருக்காது. அப்ப 58 பக்கமும் வேஸ்ட்டா?

சவுண்டுபாக்ஸ்: அரைத்தூக்கம், நீங்க பாத்தது எந்த பிரிண்ட்? ஷாட் மேல டைட்டில் ஓடுச்சா?

அரைத்தூக்கம்: ஏதோ எழுத்து ஓடுன ஞாபகம். சப்டைட்டிலா கூட இருக்கலாம்.

பால்கனிடிக்கெட்: டைட்டில்தான். அப்ப அது 1958 பிரிண்ட். அப்ப அதுல பாங்கோ இருந்துச்சு.

ரீல்பெட்டி: மியூட்ல இருந்த பாங்கோவா? அது எப்படி சார் கேட்டுச்சு உங்களுக்கு?

கொட்டாய்வாசி: அந்த நாள் பத்தி நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல.