லைப்ரரி சீல் போட்ட புத்தகத்தை ஆன்லைன்ல விக்கிறது சரியா?

ஏட்டுச்சுரைக்காய்:
நேத்து இங்க ஒருத்தர் பெருமையா எழுதியிருந்தாரு. பழைய பேப்பர் கடையில கிலோ கணக்குல அள்ளி ஆன்லைன்ல வித்தா நல்லா காசு நிக்குமாம், லைப்ரரி சீல் இருந்தாலும் கவலைப்பட வேணாமாம், அது வெறும் மை தானாம். படிச்சதுல இருந்து மனசே ஆறல. நம்ம சொத்து வரியோட சேர்த்து நூலக வரின்னு 10 சதவீதம் கட்டுறோமே, அந்தக் காசுல வாங்கின புத்தகம் அது. 1948லயே சட்டம் போட்டு ஊர் ஊருக்கு நூலகம் கொண்டு வந்த மாநிலம் இது, சுதந்திர இந்தியாவுலயே முதல். லைப்ரரி ஒரு புத்தகத்தைக் கழிச்சா பதிவேட்டுல அடிச்சு, புத்தகத்துலயும் நீக்கப்பட்டதுன்னு சீல் போடணும். உங்க புத்தகத்துல நீக்கின சீல் எங்க?

கிலோக்கணக்கு:
எழுதினது நான் தான் சார், பேரைச் சொல்லியே கேக்கலாம். பேப்பர் கடையில என்ன நடக்குதுன்னு போய்ப் பாத்திருக்கீங்களா? நியூஸ்பேப்பருக்கு ஒரு ரேட், புத்தகத்துக்கு அதைவிடக் கம்மி, கெட்டி அட்டையைப் பிச்சுத் தனியா எறிவாங்க, மிச்சத்தை மூட்டை கட்டி மில்லுக்கு அனுப்புவாங்க, அங்க கூழ் தான். அந்த மூட்டையில இருந்து முத்து காமிக்ஸ், கல்கி வார இதழ்ல வந்த தொடர்கதையை ஓவியர் மணியம் படத்தோட யாரோ வாரா வாரம் கிழிச்சு பைண்டிங் பண்ணி வச்சது, இதெல்லாம் நான் எடுத்துக் காப்பாத்தியிருக்கேன். நான் எடுக்கலன்னா இன்னிக்கு அது அட்டைப்பெட்டி.

ஏட்டுச்சுரைக்காய்:
பைண்டிங்கைப் பத்தி யார் கேட்டா? அது யார் வீட்டுப் பரண்லயோ இருந்தது, தாராளமா வித்துக்கோங்க. நான் கேட்டது சீல். நீக்கின சீல் எங்க?

எடிசன்வாசி:
இங்க அமெரிக்காவுல இது பிரச்சனையே இல்ல. லைப்ரரியே 'வித்ட்ரான்', அதாவது நீக்கினதுன்னு சீல் அடிச்சு, லைப்ரரி நண்பர்கள்னு ஒரு தன்னார்வலர் குழு வச்சு, வருஷா வருஷம் ஒரு டாலர் ரெண்டு டாலருக்கு விக்கும். குட்வில் மாதிரி பழைய சாமான் விக்கிற கடையிலயும் அந்தப் புத்தகம் நிறைய வரும். போன்ல பார்கோடை ஸ்கேன் பண்ணா அமேசான்ல என்ன விலை போகுதுன்னு வந்துரும், லாபம் இருந்தா கூடையில போட வேண்டியது தான். நான் வீக்எண்ட்ல அதைத் தான் பண்றேன்.

கிலோக்கணக்கு:
பாத்தீங்களா சார், அமெரிக்காவுலயே விக்கிறாங்க.

ஏட்டுச்சுரைக்காய்:
அவர் எழுதினதை முழுசா படிங்க. நீக்கின சீல் அடிச்சு விக்கிறாங்கன்னு எழுதியிருக்காரு. அதைத் தானே நானும் முதல்ல இருந்து கேக்குறேன்!

மதுரைக்காரன்77:
எடிசன் அண்ணே, பார்கோடு கதையெல்லாம் இங்க வேலைக்காகாது. பழைய தமிழ்ப் புத்தகத்துல பார்கோடுக்கு வேண்டிய ஐஎஸ்பிஎன் நம்பரே இருக்காது, எதை ஸ்கேன் பண்ணுவீங்க? பதிப்பகம் எது, எந்த வருஷம், படம் வரைஞ்சது யாருன்னு தெரிஞ்சவன் தான் பொறுக்க முடியும். எங்க ஊர் புதுமண்டபத்துல பழைய புத்தகக் கடை இருந்தப்போ கடைக்காரர் அட்டையைத் தடவிப் பாத்தே விலை சொல்லுவாரு. சென்னைக்காரங்களுக்கு அதெல்லாம் எங்க தெரியும்.

பழுப்புக்காகிதம்:
என்னது, சென்னைக்குத் தெரியாதா? பழைய புத்தகக் கடைங்க இருந்த மூர் மார்க்கெட்னு கேள்விப்பட்டதுண்டா தம்பி? 1985ல எரிஞ்சு போச்சு, அந்த இடத்துல ரயில்வே கட்டிடம் வந்தாச்சு, ஆனா அந்தக் கடைக்காரங்க அல்லிக்குளம் பக்கம் போயும் அதே தொழிலை விடல. திருவல்லிக்கேணி பாரதி சாலை பிளாட்பாரத்துல நடந்து பாத்துட்டு அப்புறம் பேசு. மதுரையில கிடைச்சதுல பாதி பள்ளிக்கூடப் பாடப்புத்தகம்.

மதுரைக்காரன்77:
பாடப்புத்தகம்னா கேவலமா? நான் படிச்சதே அதுல தான்ணே. அரை விலைக்கு வாங்கி, வருஷக் கடைசியில திருப்பிக் கொடுத்தா கால் விலை கைக்கு வரும். உங்க மூர் மார்க்கெட்ல ஏமாந்தவன் கதை எத்தனை வேணும்னாலும் நான் சொல்றேன்.

ஏட்டுச்சுரைக்காய்:
ரெண்டு பேரும் தனியா போய் சண்டை போடுங்க. கிலோக்கணக்கு, இன்னும் பதில் வரல. போன வாரம் நீங்க விற்பனைக்குப் போட்ட புத்தகத்தோட போட்டோவைப் பெருசாக்கிப் பாத்தேன். தலைப்புப் பக்கமே இல்ல, தையல் ஓரத்துல பிளேடு வச்சு அறுத்த மாதிரி நேர்கோடா இருக்கு. லைப்ரரியில சீலை முன் பக்கத்துல மட்டும் குத்த மாட்டாங்க, உள்ள எங்கயாவது ஒரு ரகசியப் பக்கத்துலயும் குத்துவாங்க, அந்தந்த லைப்ரரிக்குன்னு ஒரு பக்க நம்பர் வச்சிருப்பாங்க. உங்க மூணாவது போட்டோவுல நீல மையில அரை வட்டம் தெரியுது. இதுக்கு என்ன சொல்றீங்க?

கிலோக்கணக்கு:
எனக்கு வரும்போதே அந்தப் பக்கம் இல்ல. நான் அறுத்தேன்னு சொல்றீங்களா? நேரடியா சொல்லுங்க பாப்போம். லைப்ரரியில இருந்து எவனோ எடுத்துட்டுப் போய்த் திருப்பித் தரல, அவன் வீட்டுல பேப்பர்காரருக்குப் போட்டாங்க, அவர்கிட்ட நான் காசு கொடுத்து வாங்கினேன். இதுல நான் எங்க திருடன் ஆனேன்?

ஏட்டுச்சுரைக்காய்:
திருட்டுப் பொருள்னு தெரிஞ்சோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குறதும் வச்சிருக்கிறதும் தப்புன்னு பழைய தண்டனைச் சட்டத்துல (ஐபிசி) 411வது பிரிவு, புதுசுல (பிஎன்எஸ்) 317வது பிரிவு. சீலைப் பாத்துட்டு வாங்கினவருக்கு அந்தக் காரணம் இல்லையா? வழியில கிடைச்சுதுன்னா கொண்டு போய் அந்தக் கிளை நூலகத்துல கொடுங்க. வேணாம்னா அவங்களே நீக்கின சீல் போட்டுத் தருவாங்க, அப்புறம் லட்ச ரூபாய்க்குக் கூட வித்துக்கோங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன்.

கிலோக்கணக்கு:
கொண்டு போனேன் சார் ஒரு தடவை. எந்த நூலகம்னு சொல்ல வேணாம். பதிவேட்டுல தேடக்கூட இல்ல, இங்க வைக்க இடமில்ல நீங்களே வச்சுக்கோங்கன்னு அனுப்பிட்டாங்க. மழைத்தண்ணி இறங்கி, மூட்டையா ஊறிக் கிடந்துச்சு அங்க. அதைப் பாத்துட்டு வந்தவன் நான். நீங்க வீட்டுல உக்காந்து செக்‌ஷன் நம்பர் சொல்றீங்க.

ஏட்டுச்சுரைக்காய்:
வாயால சொன்னா நீக்கினதா ஆயிடுமா? சீல் போட்டுத் தந்தாங்களா?

பழுப்புக்காகிதம்:
சார், நீங்க சொல்ற விதி சரி தான், ஆனா ஆராய்ச்சி பண்ற பசங்க இந்த மாதிரி ஆளுங்ககிட்ட தான் வாங்குறாங்க. கன்னிமாரா நூலகத்துல போய் உக்காந்து படிக்கலாம் தான், அதுக்குத் திருநெல்வேலியில இருக்கிறவன் சென்னைக்கு ரயில் ஏறணும்.

ஏட்டுச்சுரைக்காய்:
அந்தப் பையன் ஊர் லைப்ரரியில இருக்க வேண்டிய புத்தகத்தை எடுத்து அவனுக்கே 800 ரூபாய்க்கு விக்கிறது சேவையா? அதே பையன் இலவசமா படிச்சிருப்பான்யா! ஏன் யாருக்கும் கோபமே வரல?

கிலோக்கணக்கு:
800ல எனக்கு என்ன நிக்குதுன்னு தெரியுமா? புத்தகத்தைக் கம்மி ரேட்டுல அனுப்புற ரெஜிஸ்டர்ட் புக் போஸ்ட்டை 2024 டிசம்பர்ல நிறுத்திட்டாங்க, இப்ப அனுப்புற செலவே புத்தக விலையில பெரும்பங்கு.

எடிசன்வாசி:
இங்க புத்தகத்துக்குன்னே மீடியா மெயில்னு தனி ரேட் இருக்கு, ரொம்பக் கம்மி.

மதுரைக்காரன்77:
அண்ணே உங்க ஊர்ப் பெருமை போதும். கிலோக்கணக்கு, போஸ்ட் செலவு பேச்சு வந்ததால கேக்குறேன், என்கிட்ட செலவைத் தனியா வாங்கிட்டு அனுப்பினீங்களே ஒரு புத்தகம், நடுவுல ஒரு ஃபாரமே காணோம், அதாவது சேர்த்து மடிச்சுத் தைச்ச 16 பக்கம். மெசேஜ் போட்டேன், படிச்சுட்டுப் பதிலே இல்ல.

கிலோக்கணக்கு:
நிறை குறையோட உள்ளபடின்னு போட்டுத் தான் வித்தேன். அதை இங்க வந்து கிளறாதீங்க.

மதுரைக்காரன்77:
அட்டை கிழிஞ்சிருக்குன்னு தானே போட்டீங்க? 16 பக்கம் இல்லன்னு எங்க போட்டீங்க, ஸ்கிரீன்ஷாட் என்கிட்ட இருக்கு, போடவா?

ஏட்டுச்சுரைக்காய்:
போடுங்க தம்பி. அந்தப் புத்தகத்துல ரகசியப் பக்கத்தையும் பாருங்க, சீல் இருக்கான்னு.

மதுரைக்காரன்77:
அந்த 16 பக்கத்துல தான் இருந்திருக்கும்போல சார்.

கிலோக்கணக்கு:
ரெண்டு பேரும் சேர்ந்துட்டீங்களா, நல்லது. போடுங்க ஸ்கிரீன்ஷாட்டை, முழுசா போடுங்க, நீங்க அதுல 200 ரூபாய் குறைக்கச் சொல்லிக் கெஞ்சினதும் சேர்த்து.