முதலீட்டு வங்கி வேலைக்கு எந்தப் பல்கலைக்கழகம்? காணியை விற்கலாமா?

பம்பலப்பிட்டிப் பையன்
வணக்கம். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு எடுத்தேன். கணக்கீடு, வணிகக்கல்வி, பொருளியல் மூன்றிலும் ஏ. கம்பனிகளை வாங்குவது, விற்பது, பங்கு வெளியிடுவது பற்றி ஆலோசனை சொல்லும் முதலீட்டு வங்கி வேலைதான் என் விருப்பம், முடிந்தால் லண்டனில். மூன்று வழிகள் இருக்கின்றன. ஸ்ரீ ஜயவர்தனபுரவில் முகாமைத்துவம் கிடைத்தால் அங்கே நிதியியல். இல்லாவிட்டால் கொழும்பிலிருந்தே லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டம். மூன்றாவது, வட இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் கணக்கீடும் நிதியும் படிக்க இடம் தந்திருக்கிறது. அதற்காக யாழ்ப்பாணத்துக் கோண்டாவில் காணியை விற்கலாம் என்கிறார் அப்பா. அம்மா வாயே திறக்கவில்லை. என்ன செய்யலாம்?

வெள்ளவத்தைக் கணக்காளர்
காணியைத் தொடாதீர்கள். மூன்றாவது வழிதான் மூன்றிலும் மோசமானது.

தேம்ஸ்கரை
இப்படி ஒரு பதில் வரும் என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். லண்டனில் ஒரு வங்கியில் இருக்கிறேன், ஆட்சேர்ப்பு நேர்காணல்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே பட்டம் வாங்கிய பிறகு யாரும் வேலை தேடத் தொடங்குவதில்லை. முதலாம் ஆண்டின் முதல் தவணையிலேயே ‘ஸ்பிரிங் வீக்’ என்ற ஒரு வார அறிமுகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதில் நன்றாகச் செய்தவர்களுக்கு இரண்டாம் ஆண்டு முடிவில் கோடைக்காலப் பயிற்சி எளிதாகிறது. நிரந்தர இடங்களில் பெரும்பங்கு அந்தப் பயிற்சியில் இருந்தவர்களுக்கே போய்விடும். மூன்றாம் ஆண்டில் கண் விழிப்பவனுக்கு மிச்சம் மீதிதான். கொழும்பில் இருந்துகொண்டு இதில் ஒரு படிகூட ஏற முடியாது, தம்பி.

வெள்ளவத்தைக் கணக்காளர்
அக்கா, நீங்கள் சொல்லும் படிகள் யாருடைய வாசலில் இருக்கின்றன? ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், எல்.எஸ்.இ. (லண்டன் ஸ்கூல் ஒஃப் இக்கொனொமிக்ஸ்), இம்பீரியல், யூ.சி.எல்., வாரிக். வங்கிகள் வலை வீசுவது பெரும்பாலும் அங்கேதான். தம்பிக்குக் கிடைத்திருக்கும் இடம் அந்த வரிசையில் இல்லை. கட்டணம் ஆண்டுக்கு 20,000 பவுண்டு, பவுண்டு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 80 இலட்சம், மூன்று ஆண்டுக்கு 2 கோடி 40 இலட்சம். வாடகையும் சாப்பாடும் தனி. படித்து முடித்த பின் தங்கி வேலை தேடத் தரும் விசாவையும் இரண்டு ஆண்டிலிருந்து 18 மாதமாகக் குறைக்கிறார்கள். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அதுதான் சட்டம். இப்போது சேரும் பிள்ளை அதற்குள்தான் அகப்படும்.

தேம்ஸ்கரை
அந்த வட இங்கிலாந்து இடத்துக்குப் போகச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? அதை நானும் வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் தம்பி ஏன் எல்.எஸ்.இ.க்கோ வாரிக்குக்கோ விண்ணப்பிக்கவில்லை என்று இங்கே யாரும் கேட்கவில்லை. பொருளியலுக்கும் நிதியியலுக்கும் அவர்கள் உயர்தரக் கணிதம் கேட்கிறார்கள். வர்த்தகப் பிரிவில் மூன்று ஏ எடுத்த பிள்ளைக்கு அந்தக் கதவு பதினாறு வயதில் பாடம் தெரிவு செய்த நாளிலேயே சாத்தப்பட்டுவிட்டது. பாடசாலையிலும் சொல்லவில்லை, தனியார் வகுப்பிலும் சொல்லவில்லை.

இதற்கு வழி இருக்கிறது. லண்டன் உயர்தரக் கணிதத்தைக் கொழும்பிலேயே தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதலாம். ஒரு ஆண்டு போகும், போகட்டும். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து முதல் விரிவுரை தொடங்கும்வரை வீட்டில் காத்திருக்கும் காலமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

வெள்ளவத்தைக் கணக்காளர்
கணித யோசனை நல்லது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் எல்.எஸ்.இ. கட்டணத்துக்கு அந்தக் காணி காணுமா? கோண்டாவிலில் இருக்கிறது என்றுதான் தம்பி எழுதியிருக்கிறார், கொள்ளுப்பிட்டியில் இல்லை.

மொட்டைமாடி
பெயர் பெரிதல்ல. முதலீட்டு நிதியம் நடத்திய, கொழும்பில் பிறந்த ராஜ் ராஜரட்ணம் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். வோல் ஸ்ட்ரீட்டில் என்ன உயரத்துக்குப் போனார்!

தேம்ஸ்கரை
வெளியே வராத கம்பனி உட்தகவலை வைத்துப் பங்கு வாங்கி விற்றதற்காக 2011இல் 11 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றவர் அவர். வேறு உதாரணமே அகப்படவில்லையா? அதோடு, சசெக்ஸுக்குப் பிறகு அமெரிக்காவின் பெயர் பெற்ற வணிகக் கல்லூரியான வார்ட்டனில் எம்.பி.ஏ. படித்தார். அமெரிக்காவில் கதவைத் திறந்தது அந்த இரண்டாவது பெயர். பெயர் பெரிது என்பதற்குத்தான் அவர் சாட்சி.

கொட்டாஞ்சேனை ராசா
இவ்வளவு பேசியும் கொழும்பில் என்ன வேலை இருக்கிறது என்று ஒருவரும் எழுதவில்லை. நான் இந்தத் துறையில் எட்டு மணிக்கு வேலைக்குப் போகிற ஆள், எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

இங்கே இரண்டு வகை இடங்கள் உண்டு. ஒன்று உள்ளூர் முதலீட்டு வங்கிகள்: என்.டி.பி., கெப்பிட்டல் அலையன்ஸ், டி.எஃப்.சி.சி.யும் எச்.என்.பி.யும் சேர்ந்து நடத்தும் அக்குவிட்டி பார்ட்னர்ஸ் போன்றவை. அங்கே வேலை உரிமைப் பங்கு வெளியீடு (இருக்கும் பங்குதாரருக்கே புதுப் பங்கு விற்பது), தொகுதிக்கடன் (கம்பனி முதலீட்டாளரிடம் திரட்டும் கடன்), எப்போதாவது ஒரு புதிய பங்கு வெளியீடு. ஆட்கள் குறைவு. அதனால் முதல் ஆண்டிலேயே பங்கு வெளியீட்டு விவரங்களை முதலீட்டாளருக்குச் சொல்லும் விளம்பல் பத்திரம் எழுத உட்கார்த்திவிடுவார்கள். மற்றது வெளிநாட்டு வங்கிகளுக்கும் நிதியங்களுக்கும் ஆய்வு செய்து கொடுக்கும் நிறுவனங்கள். 2003இல் தொடங்கிய அம்பா ரிசர்ச் அந்த வகையில் முன்னோடி. பிறகு கடன் தரமிடும் நிறுவனமான மூடிஸ் வாங்கியது, அதன்பின் மீண்டும் கை மாறி அக்குவிட்டி நொலெஜ் பார்ட்னர்ஸ் என்ற பெயர் பெற்றது. (இரண்டு அக்குவிட்டிக்கும் சம்பந்தமில்லை. விண்ணப்பம் மாறிப் போட்டுவிடாதீர்கள், தம்பி.)

நேர்காணலில் என்ன கேட்பார்கள்? நாங்கள் வழக்கமாகக் கேட்கும் ஒன்று. ஒரு சுப்பர்மார்க்கெட் கம்பனியின் 2020 மார்ச் ஆண்டறிக்கையைக் கையில் கொடுப்போம். விற்பனை பெரிதாகக் கூடவில்லை. ஆனால் வட்டி, வரி, பெறுமானத்தேய்வு கழிக்கும் முன் வரும் இலாபம், அதாவது ஈபிட்டா, துள்ளியிருக்கிறது. ஏன்? பத்தில் எட்டுப் பேர் செலவைக் குறைத்திருப்பார்கள் என்பார்கள். 2019 ஜனவரி முதலாம் திகதி குத்தகைக்கான புதிய கணக்கீட்டு நியமம் நடைமுறைக்கு வந்ததை யோசித்தவன்தான் சரியாகச் சொல்வான். அதுவரை கடை வாடகை நேரே செலவாகப் போனது. அதன்பின் அது பெறுமானத்தேய்வாகவும் வட்டியாகவும் பிரிந்து ஈபிட்டாவுக்குக் கீழே இறங்கிவிட்டது. கடையில் ஒரு ரூபாய்கூட மேலதிகமாகச் சம்பாதிக்கவில்லை. கூடவே இனிக் கட்ட வேண்டிய வாடகை, குத்தகைப் பொறுப்பு என்ற பெயரில் கடனாக ஏறியிருக்கும். ‘அப்படியானால் இந்தக் கம்பனியைப் பழைய ஆண்டோடு எப்படி ஒப்பிடுவாய்’ என்பது அடுத்த கேள்வி. இதைச் சொன்ன பிள்ளை ஜயவர்தனபுரவா, கொழும்புப் பல்கலைக்கழகமா, வெளிவாரியா என்று நாங்கள் பிறகுதான் பார்ப்போம்.

தேம்ஸ்கரை
ராசா, அழகான கேள்வி. ஆனால் முழுவதையும் சொல்லுங்கள். இந்த ஆய்வு நிறுவனங்களில் இரவில் லண்டன் அனுப்பும் பக்கங்களுக்கு எண் நிரப்பிக் காலையில் திருப்பி அனுப்புகிறார்கள். வாடிக்கையாளர் முகத்தைப் பார்ப்பதில்லை. அங்கிருந்து லண்டன் மேசைக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? இன்னொன்று. 2022இல் நம் நாட்டுக் கடனைப் பேசித் தீர்க்க அரசு யாரை அமர்த்தியது? லசார்ட் என்ற வெளிநாட்டு முதலீட்டு வங்கியை. பிணைமுறி வைத்திருந்தவர்கள் யாரை அமர்த்தினார்கள்? அதேபோன்ற ரோத்சைல்டை. நம் வீட்டுப் பஞ்சாயத்துக்கே ஆலோசகர்கள் வெளியிலிருந்துதான் வந்தார்கள்.

கொட்டாஞ்சேனை ராசா
இரவு வேலை என்பது உண்மை. ஆனால் மூன்று ஆண்டு அப்படி எண் நிரப்பியவனுக்கு ஒரு கம்பனியின் வருங்கால வரவு செலவைக் கணிக்கும் மாதிரிக் கணக்கு கட்டுவது கைப்பழக்கம் ஆகிவிடும். அவன் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிறான், எங்கள் அறையிலிருந்தே போயிருக்கிறார்கள். லண்டன் மட்டும்தான் உலகம் என்று நீங்கள்தான் முடிவு கட்டிவிட்டீர்கள்.

சிங்கையில் ஒருவன்
சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவருக்கும் அரசு கட்டண மானியம் தருகிறது. பதிலுக்குப் பட்டம் முடித்து மூன்று ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய ஒப்பந்தம். அதைச் சுமை என்பார்கள், வேலை தேடும் பிள்ளைக்கு அது வரம். அனுமதி கடினம், கணிதம் இங்கேயும் வேண்டும்.

மொட்டைமாடி
வெளிவாரிப் பட்டம் எடுத்தால் எல்.எஸ்.இ. பட்டதாரி என்று போட்டுக்கொள்ளலாமே. வகுப்பு விளம்பரத்தில் அப்படித்தானே போடுகிறார்கள்?

வெள்ளவத்தைக் கணக்காளர்
போடாதீர்கள். பட்டம் தருவது லண்டன் பல்கலைக்கழகம். அந்த நிதி, பொருளியல் பாடத்திட்டங்களுக்கு எல்.எஸ்.இ. கல்வி வழிகாட்டல் தருகிறது, அவ்வளவுதான். இதைத் திரித்து எழுதினால் லண்டனில் முதல் வடிகட்டலிலேயே தூக்கிப் போட்டுவிடுவார்கள். திரிக்காமல் எழுதினாலே அது மதிப்பான பட்டம், பரீட்சை கடினம். மூன்று ஆண்டில் முடியும், உள்ளூரில் நான்கு. பகலில் எங்காவது பயிற்சியாளராக இருக்கலாம். பட்டம் முடிய 23 மாதத்துக்குள் இருந்தால் முதலீட்டுப் பகுப்பாய்வாளருக்கான சி.எஃப்.ஏ. தொழில்முறைப் பரீட்சையின் முதல் நிலை எழுதவும் விடுகிறார்கள். பிறகு இரண்டு ஆண்டு வேலை செய்து பிரித்தானிய அரசின் சீவனிங் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்து ஒரு ஆண்டு முதுமாணி. காணியும் மிஞ்சும்.

தேம்ஸ்கரை
சீவனிங்கில் படித்தவர் நாடு திரும்பி இரண்டு ஆண்டு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதை நம்பி லண்டன் வங்கிக் கனவு காண்பது எப்படி? சொந்தப் பணத்தில் முதுமாணி என்றால் அது வேறு பேச்சு. அப்படியே வந்தாலும் செப்டெம்பரில் வகுப்பு தொடங்கும்போது விண்ணப்பங்கள் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும். கொழும்பில் இருக்கும்போதே எழுதி வைத்துக்கொண்டு வர வேண்டும்.

பம்பலப்பிட்டிப் பையன்
எல்லோருக்கும் நன்றி. அப்பாவும் வாசித்தார். ராசா அண்ணாவின் சுப்பர்மார்க்கெட் கேள்விக்கு நானும் செலவைக் குறைத்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஜயவர்தனபுர இடம் வந்தால் பதிந்துவிட்டு, இடையில் கணிதம் எழுதிப் பார்க்கலாமா? வெள்ளவத்தைப் பக்கம் மாலை வகுப்பு ஏதும் தெரியுமா?

வெள்ளவத்தைக் கணக்காளர்
உள்ளூர்ப் பாடத்திட்டமா, லண்டனா? வகுப்புகள் வேறு வேறு.

பம்பலப்பிட்டிப் பையன்
லண்டன். இன்னும் முடிவெடுக்கவில்லை, கட்டணம் மட்டும் விசாரிக்கிறேன்.

தேம்ஸ்கரை
விசாரிக்கும்போது பரீட்சைக் கட்டணத்தையும் சேர்த்துக் கேளுங்கள். அது பவுண்டில் வரும்.