முதல் சட்ட வேலை: சம்பளம் இல்லாவிட்டாலும் சேரலாமா?

புதுவக்கீல்: சட்டப் படிப்பு முடிந்துவிட்டது. கையில் இரண்டு வாய்ப்புகள். பேர்பெற்ற ஒரு சீனியர் வக்கீலின் சேம்பரில் (அலுவலகத்தில்) இடம் இருக்கிறது, ஆனால் முதல் வருடம் சம்பளம் கிடையாதாம். இன்னொன்று, ஒரு கம்பெனியில் ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் வேலை; மாதச் சம்பளம் உண்டு. எனக்கு வழக்காடத்தான் ஆசை. எதில் சேரலாம்?

கறுப்புக்கோட்டு: சேம்பர்தான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? குறுக்கு விசாரணையில் எந்தக் கேள்வியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், நீதிபதியின் முகம் மாறினால் வாதத்தை எப்படித் திருப்ப வேண்டும், எதிர்த்தரப்பு வாய்தா கேட்டால் எப்போது விட்டுக்கொடுக்கலாம், இதெல்லாம் சீனியர் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும். சம்பளம் தானாகப் பின்னால் வரும்.

எதிர்வாதி: பக்கத்தில் நிற்கிற அந்த ஒரு வருடத்துக்கு வாடகையை யார் கட்டுவது? அப்பா கட்டுவார் என்றால் சரி. கட்ட ஆள் இல்லாதவர் இந்தத் தொழிலுக்கே வர வேண்டாம் என்று சொல்லாமல் சொல்கிறீர்கள். ஜெர்மனியில் முதல் அரசுத் தேர்வு முடித்தவர்கள் இரண்டு வருடம் நீதிமன்றம், அரசு வழக்கறிஞர் அலுவலகம், வக்கீல் அலுவலகம் என்று மாறி மாறிப் பயிற்சி எடுக்கிறார்கள். அதற்கு மாநில அரசே உதவித்தொகை தருகிறது. இங்கிலாந்தில் பாரிஸ்டர் (நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீல்) ஆகப் போகிறவரின் ஒரு வருடப் பயிற்சிக்கும் விதிப்படி குறைந்தபட்சத் தொகை உண்டு. அங்கெல்லாம் தொழில் கெட்டா போய்விட்டது?

கறுப்புக்கோட்டு: அந்தப் பாரிஸ்டர் பயிற்சி இடத்துக்கு எவ்வளவு போட்டி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்களேன். நாளைக்கே பணம் கட்டாயம் என்றால், மூன்று ஜூனியர் வைத்திருக்கும் சீனியர் ஒருவரோடு நிறுத்திக்கொள்வார். இந்தியாவில் 2024-ல் வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் ஜூனியர்களுக்கு உதவித்தொகை கொடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பியது. அதுவும் பரிந்துரைதான்.

எதிர்வாதி: பரிந்துரை என்பதால்தானே யாரும் கண்டுகொள்வதில்லை!

கேஸ்கட்டு: இரண்டு பேரும் கேட்டவரை விட்டுவிட்டீர்கள். எந்த நாட்டில் தொழில் செய்யப் போகிறார் என்பதைப் பொறுத்துப் பதிலே மாறும். இங்கிலாந்தில் சொலிசிட்டர் (பெரும்பாலும் ஆலோசனை, ஆவண வேலை பார்க்கும் வக்கீல்) ஆவதற்கு 2021-ல் வந்த புதிய முறையில், இரண்டு வருட அனுபவத்தை நான்கு இடங்கள் வரை பிரித்துக் காட்டலாம். இலவசச் சட்ட உதவி மையத்தில் செய்த வேலையும் கம்பெனியின் சட்டத் துறையில் செய்த வேலையும் கணக்கில் வரும். அங்கே கம்பெனிக்குப் போவதில் நஷ்டமே இல்லை.

இந்தியா என்றால் கதை வேறு. முழுநேரச் சம்பளத்தில் சேர்ந்தால் வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது. பார் கவுன்சில் பதிவை நிறுத்தி வைக்க வேண்டும். சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்று வருட பிராக்டிஸ் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பார் கவுன்சில் தேர்வில் தேறும் முன் கிடைக்கும் தற்காலிகப் பதிவின் தேதியிலிருந்தே அதை எண்ணலாம். ஆனால் கம்பெனியில் கழித்த காலம் பிராக்டிஸ் ஆகாது. பின்னால் நீதிபதி ஆகும் எண்ணம் துளியாவது இருந்தால் இதை யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

எதிர்வாதி: சரி, அதை மறுக்கவில்லை. ஆனால் நீதிபதியிடம் லா கிளார்க்காக (சட்ட உதவியாளராக) இருந்த காலத்தையும் சேர்க்கலாம் என்று அதே தீர்ப்பில் இருக்கிறதே? அது சம்பளம் வருகிற வேலை. அதற்கு விண்ணப்பம் போடச் சொல்லி இங்கே ஒருவர்கூடச் சொல்லவில்லை.

கறுப்புக்கோட்டு: லா கிளார்க் தீர்ப்பைத் தேடுவார், குறிப்பு எழுதுவார். கட்சிக்காரர் முகத்தைப் பார்க்க மாட்டார்.

கேஸ்கட்டு: சில சேம்பர்களில் ஜூனியரும்தான் பார்ப்பதில்லை. அங்கே ஏற்கெனவே இருக்கும் ஜூனியர்களிடம் தனியாகப் பேசுங்கள். வழக்குரை எழுத விடுகிறாரா, சொந்தமாக வக்காலத்து போட எப்போது அனுமதிக்கிறார் என்று கேளுங்கள். இரண்டு வருடம் ஆன ஜூனியரையே இன்னும் வாய்தா வாங்க மட்டும் அனுப்புகிறார் என்றால், பேர்பெற்ற சீனியராக இருந்து உங்களுக்கு என்ன லாபம்?

புதுவக்கீல்: நன்றி. இந்தியாவில்தான் பதிவு செய்யப் போகிறேன். லா கிளார்க் அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். சேம்பரில் ஜூனியர்களிடமும் பேசிவிட்டு, சீனியரிடம் போக்குவரத்துச் செலவாவது கேட்டுப் பார்க்கிறேன்.

எதிர்வாதி: செலவு என்று ஆரம்பிக்காதீர்கள். சம்பளம் என்றே கேளுங்கள். அவர் வேண்டுமானால் குறைக்கட்டும்.