தைபே அலுவலகத்தில் பிறந்தநாள்: முட்டையில்லா கேக், யார் செலவு, வீட்டில் பாயசம்?

புதுவரவு:
எல்லாருக்கும் வணக்கம். தைபேயில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அடுத்த மாதம் புதன்கிழமை பிறந்தநாள். எங்கள் பிரிவில் 12 பேர். என்னையும் இன்னொரு இந்தியரையும் தவிர மற்றவர்கள் தைவான்காரர்கள். நாங்கள் இருவரும் முட்டை தொடுவதில்லை. கேக் எப்படிக் கேட்டு வாங்குவது? செலவு என்னுடையதா, அவர்களுடையதா? அந்த வாரச் சனிக்கிழமை வீட்டுக்கும் சிலரைக் கூப்பிட்டுப் பாயசம் வைக்கலாம் என்றிருக்கிறேன், சாமான் கிடைக்குமா? செய்யக்கூடாதது எதுவும் இருந்தால் சொல்லுங்கள்.

மாவும் வெண்ணெயும்:
"சைவம்" என்று மட்டும் கேட்டால் முட்டை போட்ட கேக்தான் வரும். இங்கே சைவத்தில் ஐந்து வகை, பொட்டலங்களில் அச்சிட்டிருக்கும். முழுச் சைவம் (முட்டையும் பாலும் இல்லாதது), முட்டைச் சைவம், பால் சைவம், முட்டையும் பாலும் சேர்ந்தது, பூண்டு வெங்காய வகை சேர்ந்தது. உங்களுக்கு வேண்டியது பால் சைவம், அதாவது 'நாய் சு'. 'டான் நாய் சு' என்று எழுதியிருந்தால் முட்டை உண்டு. வாயால் சொல்வதை விடச் சீன எழுத்தைக் கைபேசியில் காட்டுங்கள்.

சாதாரண பேக்கரிகளில் பால் சைவக் கேக் அரிது. முழுச் சைவம் ('சுன் சு') செய்யும் கடைகள் தைபேயில் நிறைய. பெரும்பாலும் 'லைன்' செயலியிலேயே ஆர்டர் எடுப்பார்கள். மூன்று நாளாவது முன்னால் சொல்லிவிடுங்கள்.

அளவு அங்குலத்தில்: 6 அங்குலம் 4 முதல் 6 பேருக்கு, 8 அங்குலம் 8 முதல் 10 பேருக்கு. 12 பேருக்கு 8 அங்குலத்தில் ஒன்று, உங்கள் இருவருக்காக முட்டையில்லாத 6 அங்குலம் ஒன்று என்று வாங்கினால் சரியாக இருக்கும். எல்லாருக்கும் ஒரே முட்டையில்லாக் கேக் என்றால், ஊரில் கிடைப்பது போன்ற பஞ்சுத்தன்மையை எதிர்பார்க்காதீர்கள்.

மூஸ் வகைக் கேக் என்றால் முட்டை இல்லை என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள், விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். 'ஜி லி டிங்' போட்டிருக்கிறதா என்று தனியாகக் கேட்கணும்.

தட்டு, முள்கரண்டி, கத்தி, மெழுகுவர்த்தி எல்லாம் பெட்டியோடு தருவார்கள். எத்தனை பேர் என்று மட்டும் சொன்னால் போதும். வயதைக் காட்ட வேண்டாமென்றால் கேள்விக்குறி வடிவ மெழுகுவர்த்தி கேளுங்கள், இங்கே அது சர்வ சாதாரணம். கொளுத்துமுன் அறையில் புகை உணரி இருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள்.

மெட்ரோவில் கேக் பெட்டியைக் கொண்டு போகலாம், திறந்து சாப்பிட்டால் அபராதம் (7,500 தைவான் டாலர் வரை). யூபைக் (வாடகை மிதிவண்டி) கூடையில் வைத்தால் க்ரீம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். வெயில் காலத்தில் குளிர்ப்பை கேட்டு வாங்குங்கள்.

பத்தாவது மாடி:
தேதியிலிருந்து ஆரம்பிக்கிறேன். சனிக்கிழமை என்றால் புதனுக்கு முந்தின சனி. பிறந்தநாளை முன்கூட்டிக் கொண்டாடலாம், தள்ளிப் போடக்கூடாது என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். நட்சத்திரப் பிறந்தநாள் வேறு தேதியில் வருமே என்றால் கவலை வேண்டாம், இங்குள்ள பெரியவர்களும் சந்திர நாட்காட்டிப் பிறந்தநாள் வைத்திருப்பவர்கள்தான். ஒரே வரியில் புரிந்துகொள்வார்கள்.

செலவு: கேக்கை அவர்களே ஏற்பாடு செய்யக்கூடும். ஆகவே ஆர்டர் கொடுக்குமுன் நெருக்கமான ஒருவரிடம் விசாரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பெரிய கேக் வந்து நிற்கும். உங்கள் பங்குக்கு மதியம் எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுங்கள். கோப்பை 50 முதல் 80 தைவான் டாலர். ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டால் ஒவ்வொருவரும் இனிப்பு அளவு, ஐஸ் அளவு எழுதித் தருவார்கள். தேநீரில் போடும் முத்துகள் மரவள்ளி மாவுதான், சாப்பிடலாம். புட்டிங் வேண்டாம், முட்டை இருக்கும்.

மெழுகுவர்த்தி ஊதுமுன் மூன்று வேண்டுதல். முதல் இரண்டை உரக்கச் சொல்லணும், மூன்றாவது மனசுக்குள். எல்லாரும் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இரண்டை முன்னமே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். "இந்தப் புராஜெக்ட் நல்லபடியாக முடியணும்" என்றால் கைதட்டல் நிச்சயம். கேக்கைக் கையால் ஊட்டிவிடுவது வேண்டாம், சங்கடப்படுவார்கள்.

பன்றிக்கால் மெல்லிழை நூடுல்ஸ் இங்கே பிறந்தநாளுக்கு மங்கலமான உணவு. யாராவது அன்பாக வாங்கி வருவதற்குள் சைவம் என்று சொல்லிவிடுங்கள்.

உணவகங்களில் பிறந்த மாதத் தள்ளுபடி கேட்டுப் பாருங்கள், ஏ.ஆர்.சி அட்டையை (வெளிநாட்டவருக்கான வசிப்பிட அட்டை) காட்டினால் போதும். உறுப்பினர் படிவத்தில் பிறந்த வருடம் இரண்டு இலக்கமாகக் கேட்டால் அது மின்குவோ ஆண்டு, அதாவது தைவானின் சொந்த ஆண்டுக் கணக்கு. 1911ஐக் கழித்து எழுதுங்கள். 1994 என்றால் 83. 94 என்று போட்டால் 2005இல் பிறந்தவராகிவிடுவீர்கள்.

புதுவரவு:
நன்றி. முந்தின சனிக்கே மாற்றிவிடுகிறேன். பாயசம்?

அடுப்படி:
இந்தியக் கடைக்கு ஓட வேண்டியது ஏலக்காய்க்கும் சுக்குக்கும் மட்டும்தான். பாசிப்பருப்பு உள்ளூர் சூப்பர் மார்க்கெட்டிலேயே 'ல்யூ தோ ரென்' என்ற பெயரில் கிடைக்கும். பக்கத்திலேயே தோலோடு பச்சைப் பயறும் இருக்கும், மஞ்சளாகப் பார்த்து எடுங்கள். வெல்லத்துக்குப் பதில் 'ஹெய் டாங்' என்கிற கருப்பட்டி நிறச் சர்க்கரை, பாலுக்குத் தாய்லாந்துத் தேங்காய்ப்பால் டின்.

8 பேருக்கு: பருப்பு 200 கிராம், வாசம் வரும்வரை வறுத்துக் கழுவி 600 மி.லி. தண்ணீரோடு தாதுங் மின்பானையின் உள்பாத்திரத்தில். வெளிப்பானையில் அளவுக்கோப்பையால் இரண்டு கோப்பைத் தண்ணீர். அது வற்றியதும் பொத்தான் தானே எழும்பும். உடனே திறக்காமல் பத்து நிமிடம் விட்டு மசியுங்கள். சர்க்கரை 200 கிராம் கரைத்து வடிகட்டி ஊற்றி அடுப்பில் ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். அடுப்பை அணைத்த பிறகுதான் 400 மி.லி. தேங்காய்ப்பால், கொதிக்கும்போது ஊற்றினால் திரிந்துவிடும். நெய் இல்லையென்றால் உப்பில்லாத வெண்ணெயில் முந்திரி வறுத்துக் கொட்டலாம்.

தைவான் நண்பர்களும் வருகிறார்கள் என்றால் சர்க்கரையை 150 கிராமோடு நிறுத்துங்கள். "ரொம்ப இனிப்பாக இல்லையே" என்பதுதான் இங்கே இனிப்புக்குக் கிடைக்கும் பெரிய பாராட்டு.

என்ன பரிசு வேண்டும் என்று கேட்கிறார்களே என்று சுவர்க்கடிகாரம், குடை எதையும் நீங்களாகச் சொல்லிவைக்காதீர்கள், கொடுக்கக்கூடாத பொருள்கள்.

ஊரிலிருந்து நள்ளிரவு வாழ்த்து அழைப்பு வரும் என்றால், அங்கே 12 மணி இங்கே அதிகாலை 2:30. இந்திய நேரம் இரவு 9:30க்கே கூப்பிடச் சொல்லிவிடுங்கள், அப்போது இங்கே சரியாக 12. ஆனால் வராந்தாவில் நின்று பேசாதீர்கள். இரவு 10க்கு மேல் சத்தம் என்றால் அண்டை வீட்டார் புகார் கொடுப்பார்கள். மிச்சப் பாயசமும் கேக்கும் உணவுக் கழிவு வாளிக்கு, அட்டைப் பெட்டி மறுசுழற்சிக்கு, மற்றதெல்லாம் நகராட்சியின் நீலப் பையில். அந்தப் பை பக்கத்து செவன் இலவனிலேயே கிடைக்கும்.